தர்மபுரியில் 10ஜி நெட்வொர்க் கார்டு தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை

போன வைகாசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கம்ப்யூட்டருக்கு 10ஜி, அதாவது 10 ஜிகாபிட், மாதிரி வேகமான நெட்வொர்க் கார்டு வாங்கப் போகிறவர்கள், கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 9,600 ரூபாய். முகூர்த்த சீசனில் 11 நாள் வேலையும் போச்சு.

என் கணவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். எடிட்டிங் முழுக்க என் பொறுப்பு. கீழே ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, ஃபுட்டேஜ் எல்லாம் அதில்தான். நான் எடிட் செய்வது மாடியில். இரண்டுக்கும் நடுவே 15 மீட்டர் தூரம். இரண்டு கேமரா வைத்து எடுத்த ஒரு கல்யாணம் 400 ஜிபிக்குக் குறையாது. மதர்போர்டோடு வரும் சாதாரண ஜிகாபிட் போர்ட்டில் (நொடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்பதற்கான அளவுதான் ஜிகாபிட்; 1 ஜிகாபிட் போர்ட் இது) நொடிக்கு 110 எம்பி போனால் அதிகம். அதாவது ஒரு கல்யாணத்தை மேலே ஏற்ற ஒரு மணி நேரம். அவசரத்துக்கு ஃபுட்டேஜைக் கீழே இருந்தபடியே எடிட்டிங் டைம்லைனில் போட்டால், இரண்டு கேமராவும் சேர்ந்து ஓடும்போது படம் திக்கித் திக்கி நிற்கும். ஆல்பமும் வீடியோவும் எப்போ கிடைக்கும் என்று பொண்ணு வீட்டுக்காரர்கள் தினமும் போன் செய்யும் சீசன் அது.

டவுனில் ஒரு கடைக்கு இரண்டு பேரும் போனோம். 2.5 ஜிகாபிட் கார்டு இரண்டு வேணும் என்றுதான் கேட்டேன்.

"அக்கா, இப்ப யாருக்கா 2.5 வாங்குறா? 10ஜி போட்டுடுங்க. இன்டெல் ஒரிஜினல், புது பீஸ். ஒண்ணு 4,500 தான்."

"எங்க போர்டுல செட் ஆகுமா தம்பி? ஃபோட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்களேன்."

"நீட்டு ஸ்லாட் இருக்கில்ல? அது போதும்க்கா. எல்லாத்துலயும் ஓடும்."

நான் நீட்டிய போனை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே நான் திரும்பியிருக்கணும். கார்டு இரண்டு 9,000, கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று சொல்லி ஒரு கேபிள் 600. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதிக் கொடுத்தார். பணம் ஜிபேயில் போட்டோம்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் விண்டோஸ் காட்டிய வேகம் 1 ஜிகாபிட். பழைய போர்ட்டில் என்ன வந்ததோ அதேதான். கடைக்குப் போன் செய்தால் "செட்டிங்ஸ் மாத்துங்கக்கா" என்றார். எந்த செட்டிங்ஸ் என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று ராத்திரி நான் அந்தச் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதலில் கேபிளைக் கையில் எடுத்து, "என்ன அண்ணி, இவ்வளவு லேசா இருக்கு?" என்றார். முனையை வெட்டி ஒரு இழையை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், ஒரு சுரண்டலில் உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியது. அப்படிப்பட்ட கம்பியை கேட் 6 என்று அச்சடித்து விற்கவே கூடாது, அந்தத் தரம் கேட்பது முழுச் செம்பு. நல்ல கேட் 6 கேபிளில் 10 ஜிகாபிட் எப்படியும் 37 மீட்டர் வரை போகும், சூழ்நிலை நன்றாக இருந்தால் 55 மீட்டர் வரை. எங்கள் 15 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

கேபிள் மோசமாக இருந்தால் பாதி வேகமாவது வரக்கூடாதா என்று கேட்டேன். அங்கேதான் கார்டின் வயசு தெரிந்தது. எங்களுக்குக் கொடுத்தது எக்ஸ்540 என்ற சிப். அது 2012ல் வந்தது. 2.5, 5 ஜிகாபிட் என்ற தரமே 2016ல்தான் வந்தது, அதனால் இந்த கார்டுக்கு அந்த வேகங்கள் தெரியாது. 10 கிடைக்காவிட்டால் நேராக 1க்கு இறங்கிவிடும். சிப்பைக் குறை சொல்லவில்லை, சர்வர்களில் வருஷக்கணக்காக உழைத்த நல்ல சிப். ஆனால் 2012ல் வந்ததை இன்றைக்கு 'புது பீஸ்' என்று ஒருத்தர் நீட்டினால் நாம் கேள்வி கேட்கணும்.

கொழுந்தன் கொண்டுவந்த நல்ல கேபிளை மாட்டியதும் 10 ஜிகாபிட் என்று காட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை இரண்டு பக்கமும் போட்டு அளந்தார். வந்தது 3 ஜிகாபிட் சொச்சம். அதற்குக் காரணம் என் மதர்போர்டு. மேல் ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு இருப்பதால் இதை இரண்டாவது நீட்டு ஸ்லாட்டில் போட்டிருந்தேன். டார்ச் அடித்து அந்த ஸ்லாட்டுக்குள் பாருங்கள் என்றார். பார்த்தேன். நீளம் முழுசாக இருக்கிறது, ஆனால் பித்தளைப் பற்கள் முன்பக்கம் கொஞ்ச தூரத்துக்குத்தான், மீதியெல்லாம் வெறும் பிளாஸ்டிக். பார்க்க 16 லேன் (லேன் என்றால் ஸ்லாட்டுக்குள் தகவல் ஓடும் பாதை), உள்ளே ஓடுவது ஒரே ஒரு லேன். போர்டின் ஸ்லாட் தரம் பிசிஐஇ 3 ஆக இருந்தாலும் கார்டு பிசிஐஇ 2 காலத்தது, அந்த வேகத்தில்தான் பேசும். பிசிஐஇ 2ல் ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பிதான் உச்சம், அதிலும் கழிவு போகும். எட்டு லேன் கேட்கும் கார்டை ஒரு லேனில் உட்கார வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். கடைக்காரர் அந்த ஃபோட்டோவைப் பார்த்து மாடல் பெயரைத் தேடியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

சரி, மூன்று ஜிகாபிட்டாவது வந்ததே என்று காப்பி போட்டோம். இருபது நிமிஷத்தில் லைன் அறுந்தது. கார்டின் ஹீட் சிங்கில் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) விரல் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். இந்த கார்டுகள் சர்வர் பெட்டிக்காகச் செய்தவை. அங்கே காற்று ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். நம் வீட்டுக் கேபினெட்டில் காற்று சும்மா நிற்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் ஓடியது, ஃபேனை நிறுத்தினால் மறுபடி அறுந்தது.

சூடு ஆறினதும் கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஹீட் சிங்கின் பற்களுக்கு நடுவே கரும்பஞ்சு மாதிரி அழுக்கு அடைத்திருந்தது. தகட்டில் ஸ்குரூ இருந்த இடத்தில் வட்டமாகத் தேய்மானம். பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினால் கீழே இன்னொரு ஸ்டிக்கர். மேல் ஸ்டிக்கரில் இருந்த மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒன்று, விண்டோஸ் காட்டியது வேறொன்று. இரண்டாவது கார்டும் அப்படியே. யாரோ கழித்துப் போட்ட சர்வரிலிருந்து பிடுங்கி, புதுக் கவரில் போட்டு, மேலே ஸ்டிக்கர் ஒட்டி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பழசு விற்பது தப்பில்லை. 'இது பழசு, இந்த விலை' என்று சொல்லி விற்றால் நானே யோசித்து வாங்கியிருப்பேன். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால், எஸ்எஃப்பி பிளஸ் என்ற வேறு வகை போர்ட் உள்ள பழைய கார்டு இரண்டும், அந்தப் போர்ட்டில் நேராக மாட்டும் ஒரு குட்டி டேக் கேபிளும் குறைந்த செலவில் நல்ல வழி, சூடும் இந்த அளவுக்கு வராது. பழசைப் புதுசு என்று பொய் சொன்னதற்குத்தான் இந்தப் பதிவு.

மறுநாள் கார்டுகளோடு கடைக்குப் போனோம். "கவர் பிரிச்சுட்டா எடுக்க மாட்டோம்க்கா" என்று ஒரே வார்த்தை. ஸ்டிக்கரைக் காட்டினால், "சப்ளையர் அனுப்புறதுதான், எங்களுக்கு என்ன தெரியும்" என்கிறார்.

இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, இதை எல்லோரும் தெரிந்துகொள்ளணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டையும் ஜிபே பதிவையும், கடைக்காரர் 'புது பீஸ்' என்று அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேலை நிற்கக்கூடாது என்று, நான் முதலில் கேட்ட 2.5 ஜிகாபிட் கார்டையே ஆன்லைனில் இரண்டு வாங்கினோம். ரியல்டெக் ஆர்டிஎல்8125 சிப். இரண்டும் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள். அதற்கு ஒரு லேன் போதும், குட்டி ஸ்லாட்டிலேயே உட்காரும், சூடும் இல்லை. வந்ததும் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைத் திறந்து 8125 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டெலிவரி பெட்டியைத் தூக்கிப் போட்டேன். 8168 என்று காட்டினால் அது வெறும் ஜிகாபிட் கார்டு, உடனே திருப்பி அனுப்புங்கள். நடுவே வைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி எதுவும் வாங்கவில்லை. இரண்டு கார்டையும் ஒரே கேபிளால் நேராக இணைத்து, ஒரு பக்கம் 192.168.50.1, மறு பக்கம் 192.168.50.2 என்று ஐபி கொடுத்தோம். இன்டர்நெட் பழைய போர்ட்டிலேயே வருகிறது. எஸ்எஸ்டியில் இருக்கும் கல்யாணம் இப்போது நொடிக்கு 280 எம்பியில் வருகிறது, 400 ஜிபிக்கு 24 நிமிஷம். ஹார்டு டிஸ்க்கில் இருப்பது 180தான், ஏனென்றால் அந்த டிஸ்க்கால் முடிந்தது அவ்வளவுதான். 10ஜி கார்டு ஒழுங்காக ஓடியிருந்தாலும் அந்த டிஸ்க் அதே 180தான் கொடுத்திருக்கும்.

புகார் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது. கார்டைக் கொடுங்கள், 6,000 தருகிறோம் என்றார்கள். கேபிளோடு சேர்த்து முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். கார்டு இரண்டும் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கரோடு பீரோவில் அப்படியே இருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது இதே மாதிரி கார்டு மாட்டியிருந்தால் கீழே எழுதுங்கள், என்னிடம் இருப்பதன் படங்களை அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.