ஜிபியு ரேக்குக்குக் காற்றா, தண்ணீரா: சென்னை வெயிலில் ஒரு கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தண்ணீர் பக்கம். சென்னையில் நாங்கள் அமைத்த ஜிபியு ஹாலுக்கு (ஏஐ கணக்குகளைப் போடும் ஜிபியு சிப் சர்வர்கள் நிறைந்த டேட்டா சென்டர் கூடம்) குளிரூட்டும் முறையைத் தேர்வு செய்தவர்களில் நானும் ஒருவன். சிப்பின் தலைமேலேயே கோல்டு பிளேட் (cold plate, வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகடு) வைத்து அதற்குள் தண்ணீர் ஓடவிடும் முறையைத்தான் எடுத்தோம், இப்போது அதைப் பராமரிப்பதும் என் வேலை. புதிதாக ஹால் கட்டுகிறவர்களில் பலர் இன்னமும் "சர்வர் பக்கத்துல தண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் பழைய ஏசி வடிவமைப்புக்கே போய்விடுகிறார்கள். ஒருமுறை கட்டிவிட்டால் பதினைந்து வருடத்துக்கு அதே மின்கட்டணம், அதே லாரித் தண்ணீர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரேக்குக்கு, அதாவது சர்வர்களை அடுக்கும் ஒரு அலமாரிக்கு, 5, 10 கிலோவாட் என்றால் காற்றே போதும், அதில் விவாதம் இல்லை. வெப் சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் பைப் இழுப்பது வீண் செலவு. எட்டு எச்100 ஜிபியு உள்ள ஒரு சர்வரே சுமார் 10 கிலோவாட் இழுக்கும், ரேக்குக்கு நான்கு வைத்தால் 40. அந்த 40 கிலோவாட்டைக் காற்றால் எடுக்க (காற்று 12 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால்) விநாடிக்கு ஏறக்குறைய 2.8 கன மீட்டர் காற்று ஒரே ஒரு ரேக் வழியாகப் போக வேண்டும். தண்ணீரில் 10 டிகிரி ஏற்றத்துக்கு நிமிடத்துக்கு 60 லிட்டருக்கும் குறைவு. அளவுக்கு அளவு பார்த்தால் தண்ணீர் காற்றைவிட 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக் 120 கிலோவாட் பக்கம் போகிறது, அங்கே காற்று என்ற தேர்வே கிடையாது. ஆக, உண்மையான கேள்வி 20 முதல் 50 கிலோவாட் வரை உள்ள ரேக்குகளுக்குத்தான்.

நடுவில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ரேக்கின் பின்கதவிலேயே குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருளை (காயில்) வைப்பது ஒன்று. ஏற்கெனவே ஓடுகிற ஹாலுக்கு இது நல்ல ஏற்பாடு, சர்வரைத் தொடவே வேண்டாம். ஆனால் சர்வர் ஃபேன்கள் அதே வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும், காயிலுக்கு 20 டிகிரி அளவில் தண்ணீர் தந்தாக வேண்டும் என்பதால் கம்ப்ரஸரால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் அப்படியே இருக்கும். இன்னொன்று இம்மர்ஷன், அதாவது சர்வரை அப்படியே திரவத்தில் முக்குவது. இதை நான் ஓட்டியதில்லை, ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு மெமரி கார்டு மாற்றக்கூடச் சர்வரைத் தூக்கி, எண்ணெய் வடியவிட்டு, துடைத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. திரவம் கொதித்துக் குளிரும் இருகட்ட முறையை மைக்ரோசாஃப்ட் 2021-இல் அமெரிக்காவின் குவின்சியில் சோதித்தது. ஆனால் அப்படிப்பட்ட திரவங்களைத் தயாரித்த 3எம் நிறுவனம், பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃப்ளோரின் வேதிப்பொருட்கள்) உற்பத்தியை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. திரவம் நாளைக்குக் கிடைக்குமா என்ற சந்தேகத்தோடு ஹால் கட்ட எனக்குத் தைரியம் இல்லை. எண்ணெய்த் தொட்டியை வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் வேறு மாதிரி சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

சரி, எங்கள் முடிவைத் தீர்மானித்தது எது? தண்ணீரின் வெப்பநிலை. பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

'வாட்டர் கூலிங்' என்றதும் எல்லோரும் குளிர்ந்த தண்ணீரைத்தான் நினைக்கிறார்கள். கோல்டு பிளேட்டுக்கு அது தேவையே இல்லை. சிப்போடு ஒட்டியிருப்பதால் வெப்பத்தை எடுக்கச் சின்ன வித்தியாசமே போதும், 40 டிகிரி தண்ணீர்கூட வேலை செய்யும். ஜூரிக்கின் ஈடிஎச் பல்கலையில் 2010-இல் வந்த அக்வாசார் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 60 டிகிரி தண்ணீரில் ஓடியது. மியூனிக் அருகே கார்ஷிங்கில் 2012-இல் வந்த சூப்பர்எம்யூசி சூப்பர் கம்ப்யூட்டரும் சுடுதண்ணீரிலேயே குளிர்ந்தது. காற்று முறையில் சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) பரிந்துரை. வெளியே 38 டிகிரி அடிக்கும்போது உள்ளே 25 டிகிரிக் காற்று வேண்டுமென்றால் கம்ப்ரஸர் ஓடாமல் முடியாது. ஒரு மெகாவாட் வெப்பத்தைத் தள்ள ஏர் கூல்டு சில்லர் 250 முதல் 300 கிலோவாட் வரை தின்னும், வெயில் ஏற ஏற இன்னும் கூடும்.

இப்போது சென்னைக் கணக்குக்கு வருவோம். சிப் பக்கம் போகும் தண்ணீர் 45 டிகிரி வரை இருக்கலாம் என்று வையுங்கள். ஹாலின் தண்ணீரையும் சர்வரின் தண்ணீரையும் பிரித்து வைக்கும் சிடியூவில் 3, 4 டிகிரி போய்விடும், ஆக வெளியிலிருந்து வரும் தண்ணீர் 41 இருக்கலாம். ஃபேனால் வெளிக்காற்றை ஊதித் தண்ணீரைக் குளிர்விக்கும் டிரை கூலருக்கு ஒரு 7 டிகிரி விட்டால், வெளிக்காற்று 34 வரை கம்ப்ரஸரும் வேண்டாம், ஆவியாக்கத் தண்ணீரும் வேண்டாம், ஃபேனும் பம்பும் போதும். சென்னையில் ஏறக்குறைய எல்லா இரவுகளும், ஐப்பசியிலிருந்து மாசி வரை பெரும்பாலான பகல்களும் இதற்குள் வந்துவிடும். மிச்சம் கோடைப் பகல். அதற்கு டிரை கூலர் முன்னால், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்க, ஈரத் திரை வைக்கலாம். ஈரப்பதம் அதிகமான ஊரில் ஈரத் திரை எடுபடாது என்பார்கள், பாதி உண்மைதான். சென்னையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் கடற்காற்று தாமதமாகி மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்கள். திரை தேவைப்படும் அதே நேரத்தில்தான் அது நன்றாக வேலையும் செய்கிறது.

இங்கேதான் 'சென்னையில் ஏது தண்ணீர்' என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், ஓஎம்ஆரில் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். ஆனால் தண்ணீரைக் குடிப்பது, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவர். ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஆவியாகும். ஒரு மெகாவாட் ஹாலுக்கு நாளொன்றுக்கு 35,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று, அதோடு உப்பு ஏறிய தண்ணீரை வெளியேற்றுவது தனி. கோல்டு பிளேட்டில் ஓடும் தண்ணீர் கார் ரேடியேட்டரில் இருப்பது போல மூடிய சுற்று, ஒருமுறை நிரப்பினால் அவ்வளவுதான். டவர் வேண்டாம் என்று சொல்ல முடிவதே தண்ணீர் சூடாக இருக்கலாம் என்பதால்தான்.

சூடான தண்ணீரில் இன்னொரு லாபம், பைப் வியர்க்காது. சென்னையின் புழுக்கமான நாளில் 25 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் சொட்டலாம், சில்டு வாட்டர் பைப்போடு வேலை செய்தவர்களுக்கு அந்த இன்சுலேஷன் தொல்லை தெரியும். 40 டிகிரிப் பைப்பில் ஈரம் தெரிந்தால் அது லீக்தான், ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

அப்புறம் பியூஇ-யை (மொத்த மின்சாரத்தைச் சர்வர்களின் மின்சாரத்தால், அதாவது ஐடி லோடால், வகுத்த எண்) மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். சர்வர் ஃபேனின் மின்சாரம் ஐடி லோடு கணக்கில் வருவதால், ஃபேன் சுமை குறைந்த லாபம் பியூஇ-யில் தெரியவே தெரியாது. மொத்த மீட்டரைப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. கோல்டு பிளேட் எல்லா வெப்பத்தையும் எடுக்காது, இந்த வகை சர்வரில் நான்கில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோவாட் ரேக்கில் மிச்சம் 10 கிலோவாட்டுக்கு ஏசி இருந்தே ஆக வேண்டும். பம்ப் நின்றால் காற்று ஹாலைப் போல நிமிடக் கணக்கில் அவகாசம் கிடைக்காது, விநாடிகளில் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் பம்ப்பையும் யுபிஎஸ்ஸில் போட்டு மாற்றுப் பம்ப் ஒன்றும் வைக்க வேண்டும். கூலன்ட்டின் பிஎச், கடத்துதிறன் இரண்டையும் விடாமல் பார்க்க வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், செம்பு இருக்கும் சுற்றில் அலுமினியத்தைச் சேர்க்கக் கூடாது, சர்வரை இணைக்கும் முன் பைப்பை நன்றாக அலச வேண்டும். கோல்டு பிளேட்டின் நுண்ணிய வழிகள் பல வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று என்னால் அனுபவத்தில் சொல்ல முடியாது, எங்கள் ஹால் இன்னும் இளசு.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: 'அதிகபட்சம் 45 டிகிரி' என்பது சிடியூவுக்கு எந்தப் பக்கம், ஜிபியு முழு வேகத்தில் ஓடும்போதா? பதில் சிப் பக்கம் 32 என்று வந்தால் மேலே போட்ட கணக்கு உடையும், சில்லர் திரும்ப வந்துவிடும். இப்போதைக்குக் காற்று ரேக் மட்டும்தான் வைக்கப் போகிறீர்கள் என்றாலும், ஹால் கட்டும்போதே பெரிய பைப்பும் வால்வோடு மூடிய இணைப்புகளும் போட்டு வையுங்கள், ஓடுகிற ஹாலில் பிறகு வெல்டிங் செய்ய யாரும் அனுமதி தர மாட்டார்கள்.