“ட்ரை ஐ சேஃப்” என்று 7,800 ரூபாய்க்குத் தலையில் கட்டிய கண் மேக்கப்: பெங்களூரு மக்களே, உஷார்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணில் களிம்பைப் போட்டுக்கொண்டு போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். 7,800 ரூபாய் போச்சு. கண் டாக்டர் செலவு தனி. அதையெல்லாம் விடுங்கள், காசைத் திருப்பிக் கேட்டதற்கு “நீங்க டிரிங்க்ஸ் எடுக்கிறவங்கதானே மேடம், அதனாலதான் கண் எரியுது” என்று பதில் வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெயரைப் போட மாட்டேன், புகார் கொடுத்திருக்கிறேன். எந்த மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். போட்டோ போடும் செயலியில் பக்கம், இந்திராநகர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோ என்று முகவரி, ஆனால் விற்பனை முழுக்க சாட்டில்தான். “கண் எரிச்சல் உள்ளவர்களுக்கென்றே தயாரித்த மேக்கப்” என்று விளம்பரம். வெள்ளை கோட் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். அவர் டாக்டரா, மாடலா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு ட்ரை ஐ, அதாவது கண் வறட்சி, இருக்கிறது என்று போன வருடமே தெரியும். அவுட்டர் ரிங் ரோட்டில் ஆபீஸ், தலைக்கு மேலே ஏசி, நாள் முழுக்க ஸ்கிரீன், போதாததற்குப் பெங்களூரின் பிப்ரவரி மார்ச் காற்று. கீழ் இமையில் காகிதப் பட்டை ஒன்றைச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்களே, ஷிர்மர் டெஸ்ட், அதில் பட்டை 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக நனைந்தால் கண்ணீர் குறைவு என்று கணக்கு. எனக்கு அதில் பாதிகூட நனையவில்லை. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை டீமோடு போய்க் குடிக்கிற பீரைக் குறைக்கச் சொன்னார். கண் மேக்கப்பைப் பார்த்து வாங்கச் சொன்னார். சரி என்று பார்த்துத்தான் வாங்கினேன். அதுதான் கொடுமை.

சித்தி பெண்ணுக்கு அல்சூரில் கல்யாணம். ரிசப்ஷனுக்குக் கண்ணில் மை இல்லாமல் போனால் எங்கள் வீட்டுப் பெண்கள் “உடம்பு சரியில்லையா” என்று கேட்டே கொல்வார்கள். அதனால் அந்தப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி அனுப்பினேன். பதில் தமிழில் வந்தது.

“அக்கா, டிபில கோலம் பாத்தேன், தமிழா? நானும் தஞ்சாவூர்தான்.”

காலையிலிருந்து கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பேசிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தி “அக்கா” என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிற உங்களுக்குத் தெரியும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரை ஐ, போடுகிற சொட்டு மருந்து, டாக்டர் பீரைக் குறைக்கச் சொன்னது வரைக்கும். அவளும் பொறுமையாகக் கேட்டாள், கேட்டதற்கெல்லாம் வாய்ஸ் நோட்டில் பதில் சொன்னாள். கடைசியில் வந்தது இது: “அக்கா, எங்கம்மாவுக்கும் இதே பிரச்சனைதான். அவங்களுக்கு நானே என் கையால இதத்தான் போட்டு விடறேன். பயப்படாதீங்க.”

பெற்ற தாயை வைத்து யாராவது பொய் சொல்வார்களா? க்யூ ஆர் கோடு வந்தது. 7,800 ரூபாய் போனது.

பார்சலில் காஜல், ஐலைனர், மஸ்காரா, ரிமூவர், இமை முடி வளர ஒரு சீரம். இலவசமாக “மூலிகை ஐ டிராப்” என்று ஒரு குட்டிக் குப்பி. எப்படிப் போட வேண்டும் என்று வீடியோவும் அனுப்பினாள். இமை முடிக்கு உள்பக்கம், கண்ணை ஒட்டின ஈர விளிம்பு இருக்கிறதே, வாட்டர்லைன், அங்கே இரண்டு தடவை அழுத்தி இழுக்க வேண்டுமாம். “அப்பதான் அக்கா எடுப்பா இருக்கும், இது சேஃப்.”

ரிசப்ஷனில் போட்டோவுக்கு நிற்கும்போதே எரிய ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுப் பந்திக்கு வருவதற்குள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ட்ரை ஐக்காரிக்கு எங்கிருந்து தண்ணீர் என்று கேட்காதீர்கள், கண் காய்ந்து எரிந்தால் இப்படித்தான் அனிச்சையாகக் கொட்டுமாம், அந்தத் தண்ணீரால் பிரயோசனம் இல்லையாம். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் கொடுத்த ரிமூவராலேயே துடைத்தேன். ஸ்பிரிட் பட்ட மாதிரி சுரீர் என்றது. காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஓரத்தில் கறுப்பாக ஒரு நூல். விரலால் எடுத்தால் சளி மாதிரி நீளமாக வந்துகொண்டே இருக்கிறது, அதற்குள் மை. அம்மா போனில் கேட்டுவிட்டு “விளக்குக் கரி மை போட்டிருந்தா காசாவது மிச்சம்” என்றார். அந்த மையும் கண்ணுக்கு ஆகாது என்று அவரிடம் சண்டை போடத் தெம்பில்லை.

கண் டாக்டர் ஸ்லிட் லாம்ப்பில், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவியில், பார்த்துவிட்டு, பக்கத்துத் திரையில் எனக்கும் காட்டினார். கண்ணீரின் மேல் கறுப்புப் பொடி மிதக்கிறது. நான் இமைக்க இமைக்க அது மேலும் கீழும் போய் வருகிறது. இமை விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவை மெய்போமியன் சுரப்பிகளின் வாய். மேல் இமையில் 30க்கு மேல், கீழ் இமையில் 20க்கு மேல் இருக்குமாம். அதிலிருந்து வருகிற எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் மேலே மூடி காக்கிறது. என் கண்ணில் பாதிப் புள்ளிகளின் மேல் மை உட்கார்ந்திருந்தது. “அடுப்புப் பர்னர் ஓட்டைல பால் பொங்கி வழிஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு பாருங்க” என்றார் டாக்டர் அம்மா. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறது. லைனரை இமை முடிக்கு வெளியே போட்டதையும் உள்ளே போட்டதையும் வீடியோ எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே போட்டால் 5 நிமிடத்துக்குள் 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதலான துகள்கள் கண்ணீரில் இறங்குகின்றன. ஆக, ட்ரை ஐக்காரர்களிடம் சொல்லவே கூடாததை “சேஃப்” என்று வீடியோ போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், தஞ்சாவூர்த் தங்கச்சி.

அப்புறம் ஆரம்பித்தது நாடகம். டாக்டர் சீட்டு, கண் படம் இரண்டையும் அனுப்பினேன். முதல் பதில் இதயம் இதயமாக: “அக்கா, கண் டீடாக்ஸ் ஆகுது. அழுக்கெல்லாம் வெளிய வருது. 10 நாள்ல செட் ஆகிடும்.” அவர்கள் போட்ட மை வெளியே வருகிறது, அதற்குப் பெயர் டீடாக்ஸ்! முடியாது, 7,800 ரூபாயும் வேண்டும் என்றேன். அதோடு “அக்கா” போய் “மேடம்” வந்துவிட்டது. திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். திறக்காமல் கண்ணில் எப்படிப் போடுவது? பிறகு பாதிக் காசுக்குக் கூப்பன் தருகிறோம், அவர்களிடமே வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மேனேஜர் என்று ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார், “எங்கள் லீகல் டீம்” என்றார். பணம் அனுப்பிய செயலியில் கேட்டால் நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், விற்றவரிடமே கேளுங்கள் என்று முடித்துக்கொண்டார்கள்.

நான் விடவில்லை. அப்போதுதான் அந்த ஸ்கிரீன்ஷாட் வந்தது. முதல் நாள் ராத்திரி நான் அவளை நம்பி அனுப்பின மெசேஜ். “டாக்டர் பீரைக் குறைக்கச் சொன்னார்” என்ற வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். கீழே, “ஆல்கஹால் எடுப்பவர்களுக்குக் கண் வறள்வது இயல்பு, எங்கள் பொருள் காரணமல்ல” என்று எழுதியிருந்தார்கள். கூடவே என் பக்கத்திலிருந்து எடுத்த, ஆபீஸ் பார்ட்டியில் நான் கிளாஸோடு நிற்கிற படம்.

குடித்தால் கண் வறளுமா? வறளும். அதை இவர்கள் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென் கொரிய மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குடித்தவர்களின் கண்ணீரிலேயே ஆல்கஹால் இருந்தது. கண்ணீரின் உப்புச் செறிவு கூடியது, கண்ணீர்ப் படலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உடைந்தது. போதாததற்கு ஆல்கஹால் சிறுநீராக உடம்புத் தண்ணீரையும் வெளியேற்றுகிறது. பார்ட்டி முடிந்து வந்து மேக்கப்போடு அப்படியே படுப்பவர்களுக்கு இரண்டு கேடும் சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் உண்மை. ஆனால் என் சுரப்பி வாயில் உட்கார்ந்திருந்தது பீரா, இவர்கள் விற்ற மையா? அன்றைக்குக் கல்யாணத்தில் நான் குடித்தது பால் பாயசம். அதை எழுதி அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்கள். பக்கத்தில் போட்ட கமெண்டும் காணோம்.

இன்னொரு கூத்து கேளுங்கள். ஐலைனர் பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் “ஆல்கஹால் ஃப்ரீ”. பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர், அதன் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையர் சூட்டைக் காட்டி நகத்தால் உரித்தேன். உள்ளே பழைய லேபிள், எறும்பு சைஸ் எழுத்தில் சேர்மானங்கள். தண்ணீருக்கு அடுத்த பெயரே ஆல்கஹால் டீனாட், அதாவது குடிக்க முடியாதபடி செய்த எத்தனால். ரிமூவரிலும் அதே. குடிக்கிற ஆல்கஹால் கண்ணுக்கு ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள், அதே எத்தனாலைக் கண் ஓரத்தில் பூசக் கொடுத்திருக்கிறார்கள்! பிளாக் செய்யும் முன் இதையும் கேட்டேன். “அது ஃபேட்டி ஆல்கஹால் மேடம், நல்லது” என்றார்கள். சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்று போட்டிருந்தால் அது ஃபேட்டி, மெழுகு மாதிரி இருக்கும், வறட்டாது. டீனாட் அது இல்லை. தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

அந்த இலவச மூலிகைச் சொட்டு மருந்தை நல்லவேளை நான் தொடவே இல்லை. மருந்து உரிம எண் கிடையாது, பேட்ச் எண் கிடையாது. 2023இல் சென்னைக்கு அருகே தயாரான செயற்கைக் கண்ணீர் சொட்டால் அமெரிக்காவில் கிருமித் தொற்று பரவியது நினைவிருக்கும். பலருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். உரிமம் உள்ள தொழிற்சாலையிலேயே அப்படி என்றால் இந்தக் குப்பி எந்த அடுப்படியில் நிரம்பியதோ. இமை சீரத்தையும் டாக்டர் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். சில சீரங்களில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கிற மருந்து வகையைச் சேர்ந்த ரசாயனம் இருக்குமாம், கண் சிவக்கும், இமைத் தோல் கறுக்கும் என்றார். இதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும், லேபிளே இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன், கண் வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண் இல்லாத கண் பொருளைத் தொடாதீர்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் வாங்கவே வேண்டாம். சேர்மானத்தில் ஆல்கஹால் டீனாட், பென்சல்கோனியம் குளோரைடு (கெடாமலிருக்கச் சேர்ப்பது) இரண்டில் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ட்ரை ஐ இருந்தால் வாட்டர்லைனில் எதுவும் போடாதீர்கள், யார் அம்மா போட்டிருந்தாலும் சரி. மஸ்காராவை 3 மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உடம்பு விஷயத்தை விற்பவரிடம் எழுத்தில் கொடுக்காதீர்கள், நாளைக்கு அதையே உங்கள் மேல் திருப்புவார்கள். ஏமாந்தால் 1915 என்ற போன் எண்ணில் நுகர்வோர் புகார் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

நேற்று என் தோழியின் போனில் பார்த்தேன். அதே வெள்ளை கோட் படம், அதே வீடியோ, பக்கத்துக்கு மட்டும் வேறு பெயர். கிட் விலை இப்போது 8,200. இந்தப் பக்கத்தில் வாங்கிக் கண் எரிந்தவர்கள் பெங்களூரில் யாராவது இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, சாட், லேபிள் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.