கோவையில் அம்மாவுக்கு முதுகெலும்பு ஆபரேஷன்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த முறை டொரண்டோவிலிருந்து ஊருக்கு வந்ததே அம்மாவின் முதுகு ஆபரேஷனுக்காகத்தான். அவருக்குக் கீழ்முதுகில் எல்4 எலும்பு, அதற்குக் கீழே இருக்கும் எல்5-க்கு மேல் முன்பக்கமாக நழுவி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. பொள்ளாச்சி கடைவீதியில் நாலு கடை தாண்டினால் கால் மரத்துப்போய் உட்கார இடம் தேடுவார்.

கோவைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சர்ஜன் எம்ஆர்ஐ படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். பழைய முறையில் முதுகின் நடுவே நீளமாகக் கிழித்து, எலும்பிலிருந்து தசையைப் பிரித்தெடுப்பார்கள். அம்மாவுக்குச் செய்யப்போகும் சின்னத் துளை முறையில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சில சென்டிமீட்டர் மட்டும் வெட்டி, தசையை விலக்கி ஒரு குழாயை இறக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே வேலையை முடிக்கிறார்கள். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தால், அதை எடுத்த இடத்தில் ‘கேஜ்’ என்ற சின்னக் கூண்டை வைத்து எலும்புத் துகள் நிரப்பி, நாலு ஸ்க்ரூவும் இரண்டு ராடும் போட்டு இறுக்குகிறார்கள். ரத்த இழப்பு குறைவு, ஆஸ்பத்திரியில் தங்குவதும் குறைவு. ஆனால் அந்த இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டுவதற்கு எந்த முறையானாலும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். சொந்தக்காரர்கள் யாரும் இதைக் காதில் வாங்கவே இல்லை. “சின்ன ஓட்டைதானே, அடுத்த வாரம் கல்யாணத்துக்கு வந்துரலாமுங்க” என்றார்கள். வெட்டு சின்னதாக இருப்பது தோலிலும் தசையிலும்தான். உள்ளே நடப்பது பெரிய ஆபரேஷன்.

தொற்று, நரம்பின் உறை கிழிவது, எலும்பு ஒட்டாமல் போவது, சில வருடம் கழித்துப் பக்கத்து டிஸ்க் தேய்வது என்று ஆபத்துகளையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். கால் வலி சீக்கிரம் குறையும், ஆனால் முதுகுவலி முழுக்கப் போகும் என்று வாக்குத் தர முடியாது என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தேதி கொடுக்க மறுத்ததும் சரியான முடிவுதான்.

பண விஷயத்தில் அந்தத் தெளிவு இல்லை. முதலில் கொடுத்த எஸ்டிமேட்டில் ஸ்க்ரூ, கேஜ் விலை சேரவில்லை என்பது பில்லிங் கவுண்டரில் துருவிக் கேட்டபிறகே தெரிந்தது. “இம்ப்ளான்ட் இதில் அடக்கமா?” என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலையிலேயே டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்சூரன்ஸ் ஒப்புதல் வர இருட்டிவிட்டது. அதுவரை அம்மா முதுகு கடுக்கக் காத்திருந்தார்.

பிசியோதெரபிஸ்ட் தம்பியை மட்டும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். “அம்மா, அப்படியே எந்திரிக்கக் கூடாதுங்க. முட்டியை மடக்குங்க, தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்பட்டும், கட்டை உருள்ற மாதிரி. இப்போ காலைக் கீழே விடுங்க, கையை ஊன்றுங்க.” அம்மா வாக்கரைப் பிடித்து நின்றார். “கண்ணு, கால்ல அந்த இழுப்பு இல்லடா” என்றார். கட்டைவிரல் மரப்பு மட்டும் இருந்தது. நரம்பு தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாமாம்.

உண்மையான பாடு வீட்டில்தான். குனியக் கூடாது, முதுகைத் திருப்பக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. கோலம் போடுவதும், தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதும் முதல் சில மாதங்களுக்கு நினைத்தே பார்க்க முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட், பிடிமானக் கம்பி, கொஞ்சம் உயரமான கட்டில் எல்லாம் அட்மிட் ஆகும் முன்பே தயாராக இருக்கட்டும். காய்ச்சல், காயத்தில் கசிவு, கால் பலம் குறைவது, சிறுநீர் அடைப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. ஆபரேஷன் நாளைச் சுற்றியே லீவு போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கவனிக்க நர்ஸ்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகான முதல் சில வாரங்களுக்குத்தான் ஆள் வேண்டும். நான் கிளம்பியபின் சித்தி வந்து தங்குவதாக ஏற்பாடு. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படம், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாள் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த எக்ஸ்ரேவை என் தம்பி வாட்ஸப்பில் அனுப்புவான்.