±15 வோல்ட் என்ற லேபிளை நம்பி வாங்காதீர்கள்

சொந்தமாக லேசர் புரொஜெக்டர் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு. லேசர் கற்றையைக் குட்டிக் கண்ணாடிகளால் வேகமாகத் திருப்பிப் படம் வரைகிற பாகம்தான் கால்வோ ஸ்கேனர். "கால்வோ ஸ்கேனருக்கென்றே தயாரித்தது, ±15 வோல்ட், இரண்டு பக்கமும் 3 ஆம்ப், கூடவே ஒரு 12 வோல்ட்" என்று உள்ளங்கை அளவில் ஒரு பவர் சப்ளை ஆன்லைனில் விற்கிறார்கள். நான் வாங்கி ஏமாந்தது அதுதான். பணம் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியைச் சோதிக்காமல் மாட்டியிருந்தால் யாருடைய கண்ணாவது போயிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் கண்ணாடிகளை இயக்கும் கால்வோ டிரைவர் போர்டுக்கு பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே வலுவோடு வர வேண்டும். கண்ணாடி ஒரு திசையில் திரும்ப பிளஸ் பக்கம் கரண்ட் இழுக்கும், எதிர்த்திசைக்கு மைனஸ் பக்கம். சராசரியாகப் பார்த்தால் அதிகம் எடுக்காது. ஆனால் 30 கேபிபிஎஸ் ஸ்கேனர் நொடிக்கு 30,000 புள்ளிகளைத் தொட்டுப் போகிறது. மூலைக்கு மூலை கண்ணாடி திரும்பும்போதெல்லாம் கரண்ட் சட்டென்று எகிறி இறங்கும். அந்த இழுப்புக்கு அசையாமல் நிற்கிற சப்ளைதான் இதற்கு வேண்டும். மீட்டரில் வெறுமனே 15 காட்டினால் போதாது.

வந்த பெட்டியும் வெறுமனே வைத்தபோது 15 காட்டத்தான் செய்தது. பிளஸ் பக்கம் 15.1, மைனஸ் பக்கம் 15.6. பெரும்பாலானவர்கள் இதோடு திருப்தியாகி மாட்டிவிடுவார்கள். விற்பவனும் அதை நம்பித்தான் இருக்கிறான். நான் 10 ஓம் பவர் ரெசிஸ்டரை பிளஸ் பக்கம் லோடாகப் போட்டேன். கணக்குப்படி 1.5 ஆம்ப், அதாவது லேபிளில் சொன்னதில் பாதி. பிளஸ் பக்கம் ஆடவில்லை. ஆனால் சும்மா இருந்த மைனஸ் பக்கம் 18.7க்கு ஏறிவிட்டது! டிரைவர் போர்டில் டிஎல்084 மாதிரி ஆப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) இருந்தால் அதன் உச்ச வரம்பே ±18 வோல்ட்தான். அப்புறம் ரெசிஸ்டரை மைனஸ் பக்கம் மாற்றினேன். 11.4க்கு விழுந்தது. மெல்லிய கீச்சுச் சத்தம், கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசம். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிமையானது. ஒரே பெட்டியில் பல வோல்டேஜ் தரும் மலிவான எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைகளில் ஒரே ஒரு அவுட்புட்டைத்தான் உள்ளே இருக்கும் ஐசி கவனித்துச் சரிசெய்யும். மற்றவை அதே டிரான்ஸ்பார்மரில் சுற்றிய கூடுதல் சுற்றுகள், அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகும். கவனிக்கிற பக்கம் லோடு ஏறினால் மற்ற பக்கம் வோல்டேஜ் எகிறும், மற்ற பக்கம் லோடு ஏறினால் அது கேட்பாரற்றுச் சரியும்.

இதையெல்லாம் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். (திறப்பவர்கள் ஜாக்கிரதை. 230 வோல்ட் மெயின்ஸில் ஓடும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி வரை நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.) மைனஸ் பக்கத்துக்கு இருந்தது ஒற்றை எஃப்ஆர்107 டையோடு. அதன் தகுதி 1 ஆம்ப். 3 ஆம்ப் என்று லேபிள் ஒட்டிய பக்கத்துக்கு 1 ஆம்ப் டையோடு! அதைச் சுற்றி போர்டு ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது.

மெயின்ஸ் பக்கம் இன்னும் மோசம். "இஎம்ஐ ஃபில்டர் உண்டு", அதாவது மின் இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி உண்டு என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். போர்டில் ஃபில்டர் சோக்குக்கான (கம்பிச் சுருளுக்கான) இடம் அச்சடித்து அழகாக இருக்கிறது, அந்த இடத்தில் இரண்டு கம்பித் துண்டுகளைச் சால்டர் செய்திருக்கிறார்கள். அதே ஃபில்டரின் எக்ஸ் கெப்பாசிட்டர் வர வேண்டிய இடம் காலி. மெயின்ஸையும் அவுட்புட்டையும் இணைக்கும் இடத்தில் இருக்க வேண்டியது ஒய் கெப்பாசிட்டர். அதன் உடம்பில் ஒய்1 அல்லது ஒய்2 என்றும் சான்றிதழ் முத்திரைகளும் இருக்கும். இதில் இருந்தது முத்திரை எதுவும் இல்லாத சாதாரண நீல நிற செராமிக் வில்லை. அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக அவுட்புட்டுக்கு வரும். அவுட்புட்டின் கிரவுண்ட் புரொஜெக்டர் உடம்போடும், புரொஜெக்டருக்குச் சிக்னல் கொண்டுவரும் இல்டா கேபிள் வழியாக கம்ப்யூட்டரோடும் சேர்ந்திருக்கும். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே லேசர் கிளாஸ் 4, அதாவது ஆபத்து மிக அதிகமான வகை. வண்ண புரொஜெக்டர் கட்டுகிறவர்கள் சிவப்பு, பச்சை, நீலம் சேர்த்து அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஒளிக்கற்றை வேகமாக ஓடிக்கொண்டே இருப்பதால்தான் ஓர் இடத்தில் விழும் சக்தி குறைகிறது. மைனஸ் பக்கம் விழுந்தால் கண்ணாடி நின்றுவிடும். லேசர் டையோடுகளோ தனி 12 வோல்ட்டில் ஜோராக எரிந்துகொண்டிருக்கும். மொத்தச் சக்தியும் அசையாத ஒரே கற்றையாக ஒரே இடத்தில் நிற்கும். அங்கே ஒரு முகம் இருந்தால்?

விற்பவரிடம் கேட்டதற்கு முதல் பதில், "ஓவர்லோடு செய்திருப்பீர்கள்." பாதி லோடு என்று கணக்குக் காட்டினேன். "மூடியைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டது." திறப்பதற்கு முன்னால் எடுத்த வீடியோவை அனுப்பினேன். அதற்கு, ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு பகுதித் தொகை தருகிறேன் என்று பேரம். ஒப்புக்கொள்ளாததும், உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்றார். கடைசியில் விற்பனைத் தளத்திலேயே புகார் கொடுத்தேன். டையோடு படமும் விளக்கமும் அங்கே யாருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. லேபிள், ரெசிஸ்டர், மீட்டர் மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரிந்த அந்த வீடியோதான் பணத்தை மீட்டுக் கொடுத்தது. பவர் சப்ளை வாங்கினால் திறப்பதற்கு முன்பே இப்படி ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, என்ன வாங்கலாம்? பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் ஒற்றை அவுட்புட் 15 வோல்ட் சப்ளை இரண்டு. ஒன்றின் பிளஸ்ஸையும் மற்றதன் மைனஸையும் சேர்த்தால் அதுவே கிரவுண்ட், மிஞ்சிய இரு முனைகள் +15, −15. இரண்டும் தனித்தனியாகச் சீர்செய்யப்படுவதால் மேலே சொன்ன எகிறலும் சரிவும் வராது. ஆனால் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம்: பிளக் இல்லாமல், அவுட்புட் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் பீப் வருகிறதா பாருங்கள். இரண்டு சப்ளையிலும் மைனஸை உள்ளேயே எர்த்தோடு சேர்த்திருந்தால், தொடராக இணைத்த கணமே ஒன்று ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு போடுங்கள். ஒன்று முந்தி, மற்றது பிந்தி எழும்பினாலும் தலைகீழ் வோல்டேஜ் ஏறாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய பெட்டி என்பதே பொய்க்கு அடையாளம் இல்லை. நல்ல தயாரிப்பாளர்கள் நாலுக்கு இரண்டு அங்குல போர்டிலேயே 100 வாட் தருகிறார்கள். ஆனால் அவர்களுடைய தரவுத்தாளில் வெப்பம் ஏற ஏற எத்தனை வாட் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரைபடம் இருக்கும். மூடிய புரொஜெக்டர் பெட்டிக்குள் அந்த வரைபடம்தான் உண்மை, முகப்பில் போட்ட எண் இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுளும் வெப்பம் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தரவுத்தாளே கிடைக்காத சப்ளையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

எந்த சப்ளை போட்டாலும், +15, −15 இரண்டில் ஒன்று விழுந்தால் லேசரை உடனே அணைக்கிற ஒரு சர்க்யூட்டையும் சேர்த்தே கட்டுங்கள். கண்ணாடி அசைகிறதா என்று பார்த்து அணைக்கிற ஸ்கேன் ஃபெயில் போர்டு இருந்தால் இன்னும் நல்லது.

அந்த விற்பனைப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே படத்தோடு வேறு கடைப் பெயரில் மறுபடி வந்திருக்கிறது. இப்போது லேபிளில் 4 ஆம்ப் என்று இருக்கிறது.