மாதத்துக்கு ஒரு நாள் நடக்கும் மனநல கிளினிக்: பெரியவர்களுக்குச் சரி, பிள்ளைகளுக்கு?

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மாதத்துக்கு ஒரு நாள் மனநல கிளினிக் நடக்கிறது. ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை, போட்டால் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அடி விழும். தம்பிக்கு மனப்பிளவு நோய். அவனையும், பக்கத்து வீட்டு அக்காவையும் அவருடைய ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு போய் வருகிறவன் நான்.

முதலில் தம்பி விஷயம். நாலு கிழமைக்கு ஒருமுறை ஃப்ளூபெனசின் ஊசி, இலவசம். குளிசையை நாக்குக்குக் கீழே வைத்திருந்துவிட்டுப் பின்வளவில் துப்புகிற ஆளுக்கு ஊசிதான் தோது, வீட்டில் ஒவ்வொரு இரவும் நடந்த இழுபறி அதோடு நின்றது. டொக்டர் பார்ப்பது சில நிமிடம்தான், ஆனால் வெளியே இருக்கிற சனத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல மனம் வராது. கிளினிக்கைத் தாங்கிப் பிடிப்பது அங்கே இருக்கிற உளசமூக உத்தியோகத்தர் பிள்ளை. ஊசிக்கு ஆள் வரவில்லை என்றால் அடுத்த நாளே போன் வரும், எடுக்காவிட்டால் ஸ்கூட்டியில் படலையடிக்கே வந்துவிடும். ஒருமுறை தம்பி "எனக்கு ஒண்டும் இல்லை, போங்கோ" என்று கத்தினான். அந்தப் பிள்ளை கோபிக்காமல், மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்து, மாடு கன்று போட்டதையும் நெல்லுக்கு விலை இல்லாததையும் கதைத்துக் கதைத்தே அவனை மறுநாள் வரப் பண்ணியது. 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ நிறுவனங்கள் இங்கே வந்து, பயிற்சி வைத்து, பிள்ளைகளைப் படம் கீறச் சொல்லி, போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒருவராவது இப்படிப் படலைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

குறை என்றால் இடம். ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவின் நடைபாதையில்தான் எல்லாம். பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள், காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வந்த ஊர்ச்சனம் எல்லாம் திரும்பிப் பார்க்கும். கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளை உள்ள குடும்பங்கள் இதற்குப் பயந்தே தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. 2022 மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் மருந்துத் துண்டை எழுதிக் கையில் தந்து வெளியில் வாங்கச் சொன்னதையும் மறக்கவில்லை, சரி, அது நாடு முழுக்க நடந்தது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓட்டிசம். பேச்சு வரவில்லை என்று குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு வயதிலேயே கண்டுபிடித்து அனுப்பினார், அதற்கு அவருக்குப் புண்ணியம். அதற்குப் பிறகுதான் எல்லாம் இழுபடுகிறது. இரைச்சல் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளையை, பெரியவர்களின் அதே வரிசையில் மத்தியானம் வரை இருத்தி வைக்கிறார்கள். கடைசியில் கிடைப்பது ஒரு கடிதம். பேச்சு சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடிய முன்னமே பஸ் ஏற வேண்டும், அன்றைய கூலி வேலையும் போகும். தமிழில் பேச்சு சிகிச்சை செய்கிறவர்கள் வடக்கிலேயே குறைவு, அது விளங்குகிறது. ஆனால் வீட்டில் அம்மா தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஆங்கிலத் தாளில் அடித்துக் கொடுத்தால் அந்த அக்கா என்ன செய்வார்? நான்தான் வாசித்துச் சொல்கிறேன், எனக்கும் பாதி விளங்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள், வருமானம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்றாலும் பஸ் காசுக்காவது உதவும். பள்ளிக்கூடத்தில் "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, பள்ளிக்கூட அதிபரிடம் அதைச் சொல்லப் போனால் நாங்கள் சண்டைக்காரர் ஆகிவிடுவோம்.

பெரியவர்களுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அதில் மூன்று அந்த உளசமூக உத்தியோகத்தர் பிள்ளைக்கு. சிறுவர்களுக்கு ஒன்றரைக்கு மேல் கை வரவில்லை.

போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் போட்டோ பிரதி எடுத்து வைத்திருங்கள். கொடுப்பனவுப் படிவத்தைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டு எடுத்துக்கொண்டு போனால், டொக்டரிடம் கையெழுத்து வாங்க இன்னொரு மாதம் அலையத் தேவையில்லை. இரவில் ஆள் குழம்பினால் 1926க்கு அடியுங்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் உண்டு, தமிழிலும் கதைக்கலாம். அப்புறம், கிளினிக் நாள் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் விழுந்தால் எந்த நாளுக்கு மாற்றினார்கள் என்று எங்கும் ஒட்ட மாட்டார்கள், முந்தின கிழமையே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.