இம்பெல்லரா, கிட்டா, முழு பம்பா? அணைத் தண்ணீரில் ஓடும் படகுக்கு எது கட்டுப்படியாகும்

ஒகேனக்கல் பரிசல்காரருக்கு இந்தத் தலைவலி கிடையாது. துடுப்புக்கு ஏது கூலிங்? கிருஷ்ணகிரி அணை, ஏரி என்று மோட்டார் படகு வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறோம். இன்ஜின் சூடேறி அலாரம் கத்தும். அல்லது அவுட்போர்டின் (படகின் பின்புறம் வெளியே தொங்கும் இன்ஜின்) பின்னால் பீச்சியடிக்க வேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடியும். "பம்ப் போச்சு, மாத்திடலாம்ணா" என்பார் மெக்கானிக். வெளித் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் பம்பைச் சொல்கிறார். எதை மாற்றுவது என்பதில்தான் பிரச்சினை. உள்ளே சுற்றும் ரப்பர் இம்பெல்லரை மட்டும் மாற்றலாம், அதோடு பிளேட்டும் பேக்கிங்கும் சேர்ந்த கிட் போடலாம், பழைய பம்புக்குப் பேரிங்-சீல் போட்டுத் தேற்றலாம், புதுசாகவே வாங்கலாம். நம் பக்கத்துத் தண்ணீருக்கு என் ஓட்டு கிட்டுக்குத்தான், ஒரே ஒரு விலக்குடன்.

அதற்கு முன், பம்ப் நிஜமாகவே குற்றவாளியா என்று பாருங்கள். ஆகாயத்தாமரை வேரோ கேரி பேக்கோ தண்ணீர் நுழையும் வாயை அடைத்திருந்தால் புது பம்பும் திணறத்தான் செய்யும். இன்போர்டு டீசலில் (படகுக்குள்ளேயே பொருத்திய இன்ஜின்) வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். ஃபுட்வால்வு ஒழுகும் கிணற்று மோட்டார் படும் பாடுதான். பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட் தொய்ந்திருக்கலாம். இன்போர்டில், பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றி ஒரு பக்கெட்டில் விட்டு, இன்ஜினை சில விநாடி ஓட்டினால் பாதி சந்தேகம் தீரும். தண்ணீர் வேகமாகக் கொட்டியும் இன்ஜின் சூடேறினால், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும், தண்ணீர் போகும் வழியில் அடைப்பு உண்டா என்பதையும் பாருங்கள். பம்பை விட்டுவிடலாம்.

தண்ணீர் வரவில்லையா? கழற்றுங்கள். உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம், அதாவது இம்பெல்லர், சற்றே ஒரு பக்கம் புடைத்த கூட்டுக்குள் சுற்றும். புடைப்பில் இதழ் மடங்கும்போது தண்ணீரைத் தள்ளும், தாண்டி நிமிரும்போது இழுக்கும். ரப்பருக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான். அதனால்தான் கரையில் வைத்து "சும்மா ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று வறட்டு ஓட்டம் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடக்கூடும். ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அடிப்பகுதியை முக்கிவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இம்பெல்லரைக் கையில் எடுத்ததும் எல்லோரும் இதழ்களை எண்ணுவார்கள். அது சரி, ஆனால் போதாது. இதழ் அத்தனையும் முழுசாக இருக்கும், நடுவிலுள்ள பித்தளை புஷ் மட்டும் ரப்பரிலிருந்து பிரிந்திருக்கும். மெதுவாக ஓடும்போது தண்ணீர் வரும், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் புஷ் மட்டும் தனியாகச் சுற்றும், தண்ணீர் நின்றுபோகும். புஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ரப்பரை முறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவுட்போர்டில் ஷாஃப்டின் அரைவட்டச் சாவி இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மூடித் தகடு, கிட்டில் வரும் அந்தப் பிளேட். விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தென்பெண்ணை பெங்களூர் ஓரத்தைத் தொட்டு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையைக் கிளப்பிவிட்டு நம் அணைக்கு வருகிற ஆறு. மழைக்காலத்தில் வண்டலும் மணலும் சேர்ந்தே வரும். அந்த மணல் ரப்பரை மட்டுமா தின்னும்? தகடு, கூடு, புடைப்பு மூன்றையும் சேர்த்துத்தான் அரைக்கிறது. தேய்ந்த தகட்டுக்கு முன்னால் புது இம்பெல்லரை வைத்தால், தள்ளப்பட்ட தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகவே பின்னோக்கிக் கசியும். போட்ட அன்று நன்றாகப் பீச்சும், அடுத்த மழைக்குள் மறுபடி வடியும். "போன வருஷம்தானே மாத்தினோம்" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இம்பெல்லர் மட்டும் போதும் என்பவர்கள் விலையைக் காட்டுவார்கள். கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவுட்போர்டில் பம்பைத் தொட, கியர் ராடைப் பிரித்து அடிப்பகுதி முழுவதையும் இறக்க வேண்டும். போல்ட் துருப்பிடித்திருந்தால் அரை நாள் போய்விடும். அத்தனை வேலை செய்துவிட்டுத் தகட்டையும் கூட்டையும் பழசாகவே விடுவது எனக்குப் புரியாத சிக்கனம். அவுட்போர்டு என்றால் யோசிக்காமல் கிட்.

நான் சொன்ன விலக்கு இன்போர்டுக்கு. பம்ப் கைக்கு எட்டும் இடத்தில், நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்கும்படி இருந்து, தகடும் வழவழப்பாக இருந்தால் இம்பெல்லரையும் பேக்கிங்கையும் மட்டும் மாற்றினால் போதும். லேசான கோடு என்றால், பல பம்புகளில் எழுத்துப் பொறிக்காத தகட்டைத் திருப்பிப் போட்டு ஒரு முறை ஓட்டிக்கொள்ளலாம். பேக்கிங்கை மட்டும் கைக்குக் கிடைத்த அட்டையில் வெட்டாதீர்கள். தடிமன் கூடினால் இடைவெளி கூடும், இழுவை குறையும்.

மூன்றாவது வழிக்கு, அதாவது பழைய பம்பைத் தேற்றுவதற்கு, ஓசூர் பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஷாஃப்ட் கடைவார்கள், தகட்டைச் சமமாக்கித் தருவார்கள். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள சின்னத் துளையில் தண்ணீர் சொட்டினால் வாட்டர் சீல் போயிற்று, எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல் போயிற்று. இரண்டுக்கும் இந்த வழி தோதுதான். பேரிங் நம்பரைப் பார்த்து எங்கும் வாங்கலாம். தண்ணீர்ப் பக்கத்துச் சீலில்தான் கவனம் தேவை. சாதாரண வண்டிச் சீலுக்குள் இருக்கும் சுருள் கம்பி இரும்பு, சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பட்டறையாலும் செய்து தர முடியாதது ரப்பர் இம்பெல்லர்தான். அதற்குச் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கமோ கம்பெனி டீலரிடமோதான் போக வேண்டும். டூப்ளிகேட்டில் அளவு சரியாக இருந்தாலும் ரப்பரின் தரம் பார்வைக்குத் தெரியாது, எனவே இந்த ஒரு பொருளில் நான் பேரம் பேசுவதில்லை. நியோப்ரீன் கேளுங்கள், நைட்ரைல் எண்ணெய் கலந்த தண்ணீருக்கானது. மாட்டும்போது கிரீஸ் தடவாதீர்கள், சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ போதும்.

"ஒரு கரண்ட் பம்பை மாட்டிவிடுவோமே" என்று நம் ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். மோனோபிளாக் பழக்கம். சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப் தானாகத் தண்ணீரை இழுத்து நிரப்பிக்கொள்ளாது, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தாக வேண்டும். பேட்டரி இறங்கினால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கூலிங் மட்டும் நிற்கும். எனக்கு உடன்பாடில்லை.

புது பம்ப் எப்போது? ஷாஃப்டில் சீல் உட்காரும் இடம் பள்ளமாகி, கூடும் அரித்துப்போன பிறகு. அப்போது பட்டறைக் கூலி, சீல், பேரிங், புடைப்புத் தகடு எல்லாம் கூட்டினால் புதுசின் விலையை நெருங்கிவிடும்.

எந்த வழியில் போனாலும் பழைய இம்பெல்லரில் இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டுகளைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். இன்போர்டில் அவை, வெளித் தண்ணீர் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்திருக்கும். கிடைத்ததைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த ஹோஸை மறுபடி கழற்றத்தான் வேண்டும்.