கிளிநொச்சி வெயிலில் ஒட்ட வெட்டும் புல்: மூன்று வகையும் ஒரு கனடா விதைப் பொட்டலமும்

ஏ9 வீதிக்கரையில் பூங்கன்று விற்கும் ஓர் இடத்தில் வாங்கிய புல்லைப் பற்றி எழுதுகிறேன். வீடு கனடாவில் இருக்கும் மச்சானுடையது, பார்த்துக்கொள்வது நான். கோல்ஃப் மைதானம் மாதிரி நிலத்தோடு ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. முன்வளவில் நிழலே இல்லை.

கடைக்காரர் முதலில் காட்டுவது மலேசியன் புல். அகன்ற இலை, விரித்த அன்றே கண்ணுக்குப் பச்சை. பின்பக்கத்து வேம்பின் கீழ் போட்டது இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலில் மச்சான் கேட்ட உயரத்துக்கு இறக்கினால் இலை போய் வெறும் தண்டுதான் மிஞ்சும். வேரும் ஆழம் போகாது. சோளகம் வீசும் ஆனி, ஆடியில் தண்ணீர் தவறினால் சுருண்டுவிடும். நாலைந்து சென்ரிமீற்றர் விட்டு வெட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். படலை திறந்திருந்தால் கட்டாக்காலி மாடுகளும் இதைத்தான் தேடி வருகின்றன.

முன்வளவுக்கு நான் சொல்வது கலப்பு அறுகு. கடையில் ‘419’ என்று விற்கிறார்கள். சீட்டு ஒன்றும் இல்லை, இலை மெல்லிசாக இருப்பதைப் பார்த்தால் நம்பலாம். டிஃப்வே 419 என்பது அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டனில் உருவாகி 1960இல் வெளிவந்த ரகம். நம்முடைய அறுகம்புல்லுக்கும் ஓர் ஆபிரிக்க அறுகுக்கும் பிறந்த மலட்டுக் கலப்பு. அதனால் விதை பிடிக்காது. ‘419 விதை’ என்று யாராவது பொட்டலம் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முப்பது பாகை தாண்டின வெயிலில்தான் இதற்கு உற்சாகமே. ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு வெட்டினாலும் படுத்துப் படர்ந்து மூடிவிடும். அந்த உயரத்துக்குக் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும் உருளைக் கத்தி மெஷின் வேண்டும், சாதாரண மெஷினின் சுழல் தகடு இலையைக் கிழித்து நுனியை வெள்ளையாக்கிவிடும். மாரியில் கிழமைக்கு இரண்டு தரம் வெட்டாமல் முடியாது. நிழலில் போடவே வேண்டாம்.

சொய்சியாவும் வைத்திருக்கிறார்கள். நெருக்கமான புல், வெயில் தாங்கும், ஆனால் படர ஆறுதலாக நேரம் எடுக்கும். வெட்டும் தகடும் சீக்கிரம் மழுங்கும். பொறுமைசாலிகளுக்கு.

இனி மச்சான் அனுப்பின பென்ட் புல் விதை. கோல்ஃப் மைதானத்தில் பந்து விழும் குழியைச் சுற்றிய பச்சைத் தரையில் மூன்று மில்லிமீற்றருக்கு வெட்டுவது இதைத்தான். தூள் மாதிரி விதை. மார்கழி வாடையில் முளைத்துத் தையில் மெத்தென்று நின்றபோது, தொலைபேசியில் படம் பார்த்த மச்சான் என்னைவிடப் பெருமைப்பட்டார். பங்குனியில் மஞ்சள் தட்டியது. சித்திரையில் பின்னேர இடிமழை பெய்த மறுநாள் விடியப் பார்த்தால், எண்ணெய் ஊற்றினது போலக் கறுத்த வட்டங்கள், மேலே சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். ஒரு கிழமைக்குள் முடிந்தது கதை.

விதையில் பழுதில்லை. பென்ட் குளிர்நாட்டுப் புல். அதன் வேர் நன்றாக வளர்வது மண் 10 முதல் 18 பாகைக்குள் இருக்கும்போது. ரொறன்ரோவிலும் ஆடியில் புழுக்கம்தான், ஆனால் அங்கே பின்னால் குளிர் வந்து வேரைத் தேற்றிவிடும். இங்கே வைகாசி இரவிலும் 25 பாகை. பகலில் இலை சமைத்த உணவை இரவுச் சூட்டிலேயே மூச்சுவிட்டு எரித்துத் தீர்க்கும் புல்லுக்கு வேர் வளர்க்க என்ன மிஞ்சும்? ஒட்ட வெட்டினால் சமைக்க இலையும் குறைவு. ஈரம் காயாத இரவு வந்தால் மிச்சத்தைப் பூஞ்சணம் பார்த்துக்கொள்ளும். எந்தப் புல்லானாலும் புழுக்க நாளில் பின்னேரம் தண்ணீர் விடாதீர்கள், விடிய விடுங்கள். யூரியாவும் அப்போது வேண்டாம்.

கடைக்காரரிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. பாய் மாதிரிச் சுருட்டித் தரும் புல் சுருளோடு கோரைக் கிழங்கும் வந்துவிட்டது. எத்தனை வெட்டினாலும் சாகாது, கிழங்கைத் தோண்டினால்தான் உண்டு. சுருளைப் புரட்டி அடிமண்ணைப் பாருங்கள். கறுத்த சின்ன முடிச்சுகள் தெரிந்தால் வேறு கேளுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். ஏற்றிவரும் பட்டா லொறிக் கூலி தனி. ஏற்றுவதைக் காலையிலேயே முடியுங்கள். சுருட்டின புல் மத்தியான வெயிலில் உள்ளுக்குள் அவிந்து மஞ்சளாகிவிடும்.